இடது பாதத்தின் வெளி ஓரம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைப் படித்து முடித்த முதல் ஆள் நான். அதோடு நிற்காமல் கல்லூரிக்கும் போய், பிசியோதெரபி படித்து, பட்டம் வாங்கி, இன்று அம்பத்தூரில் ஒரு எலும்பு டாக்டரின் கிளினிக்கில் வெள்ளைக் கோட்டுப் போட்டு வேலை பார்க்கிறேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. அப்பா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனிகளுக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஹவுஸ்கீப்பிங் பார்க்கிறார். நான் படித்த படிப்பின் பெயர் இரண்டு பேர் வாயிலும் இன்றுவரை நுழையவில்லை. யாராவது கேட்டால் அப்பா, "எம் பொண்ணு கை கால் டாக்டரு" என்பார். நானும் திருத்தப் போவதில்லை. டாக்டர் இல்லை என்று அவரிடம் விளக்கும் நேரத்தில் இரண்டு பேருக்கு முதுகு வலியைக் குறைத்துவிடலாம்.

கிளினிக்கில் என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் புதிய ஃபிளாட்டுகளில் குடியிருப்பவர்கள். மதுரை, நெல்லை, கோவை என்று எங்கெங்கிருந்தோ வேலைக்கு வந்து, நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கழுத்துப் பிடித்துக்கொண்டவர்கள். வலியைச் சொல்வதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம் திரும்பினால் இழுக்கிறது, இணையத்தில் அதற்கு என்ன பெயர் போட்டிருக்கிறது என்பது வரை நான் கேட்கும் முன்பே சொல்லிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பார்க்கப் போன கால்கள் வேறு ஜாதி. அவை வாயே திறக்காது.

கோவில்பதாகையில் எங்கள் தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு சர்ச் மைதானம் இருக்கிறது. அங்கே பெண் பிள்ளைகளுக்கு ஒரு கால்பந்து அணி. ஃபேக்டரியில் ஷிப்ட் பார்க்கும் ஒருவர் சம்பளம் இல்லாமல் சொல்லிக்கொடுக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் 'சார்', எனக்கும் அப்படியே. முட்டி வலிக்காக கிளினிக்குக்கு வந்தவர், மின்சார சிகிச்சைப் பட்டையோடு கட்டிலில் படுத்தபடியே என்னைப் பிடித்தார்.

"எங்க பொண்ணுங்க காலயும் ஒரு தபா வந்து பாரும்மா. எவளும் ஒன்னும் சொல்ல மாட்றாளுங்க. திடீர்னு ஒரு நாள் காணாமப் பூடுறாளுங்க."

அந்த 'காணாமப் பூடுறாளுங்க' எனக்கு அப்போது புரியவில்லை.

முதல் ஞாயிறு மைதானத்துக்குப் போனதும் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து சாக்ஸைக் கழற்றச் சொன்னேன். கல்லூரியில் என் கையில் தந்த பாதங்கள் எல்லாம் பிளாஸ்டிக்கால் ஆனவை, சுத்தமானவை. இங்கே கறுத்துப்போன கட்டைவிரல் நகங்கள், குதிகாலில் உரிந்து காய்ந்து மறுபடி உரிந்த தோல், நகத்தை ஓரம் வரை ஆழமாக வெட்டி அது சதைக்குள் வளர்ந்து சீழ் கட்டிய விரல்கள், ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் வீங்காத கணுக்கால்கள். ஒவ்வொரு காலாகத் தொட்டு, "வலிக்குதா?" என்று கேட்டேன். பதில் வரிசை முழுக்க ஒன்றேதான்.

"இல்லக்கா."

"வலிக்குதா?"

"ஒன்னும் இல்லக்கா."

சீழ் கட்டிய விரலை வைத்துக்கொண்டு ஒருத்தி, "இது பொறந்ததுலேந்தே இப்டித்தான்க்கா கீது" என்றாள். பக்கத்தில் இருந்தவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பாதி விஷயம் அவர்கள் காலில் போட்டு ஆடும் பூட்டிலேயே தெரிந்தது. எங்கள் பக்கம் பிள்ளைகளுக்கு ஷூ வாங்குவதில் ஒரு முறை உண்டு. இன்றைய காலுக்கு வாங்க மாட்டார்கள், அடுத்த வருஷத்துக் காலுக்கு வாங்குவார்கள். 'வளர்ற புள்ள' என்று சொல்லி இரண்டு சைஸ் பெரிதாக எடுத்து, முனையில் பழைய துணியைத் திணித்துக் கொடுப்பார்கள். பள்ளிக்கூடம் நடந்துபோக அது போதும். பந்தாட்டத்துக்குப் போதாது. ஓடி வந்து சட்டென்று நிற்கும்போது பூட் நின்றுவிடும், உள்ளே இருக்கும் கால் நிற்காது. நகம் முன்னால் போய் இடிக்கும், குதிகால் உரசும், கணுக்கால் திருகிக்கொள்ளும். இது போதாதென்று இரண்டு பேருக்கு ஒரு ஜோடி என்ற ஏற்பாடு வேறு. ஆட்டத்தின் நடுவில் ஒருத்தி வெளியே வந்து இன்னொருத்தி உள்ளே போகும்போது, கோட்டுக்குப் பக்கத்தில் இருவரும் மண்ணில் உட்கார்ந்து அவசர அவசரமாக பூட் மாற்றுவார்கள். சார் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, "சீக்கிரம், சீக்கிரம், கல்யாணப் பொண்ணா நீ?" என்று கத்துவார்.

மீதிப் பாதி, பயிற்சி முடிந்து பிள்ளைகள் கலைந்தபோது தெரிந்தது. மைதானத்துக்கு வெளியே ஒரு குழாய். எல்லோரும் அங்கே நின்று காலைக் கழுவினார்கள். நொண்டிக்கொண்டே குழாய்க்கு வந்தவள், கழுவி முடித்து தன் தெருவுக்குள் திரும்பியதும் நேராக நடந்தாள். அடுத்தவளும் அப்படியே. நடிப்பு இல்லை, பயிற்சி. பந்தை நிறுத்தப் பழகுவதுபோல நொண்டாமல் நடக்கப் பழகியிருந்தார்கள்.

"ஏன்டி?" என்று ஒருத்தியை நிறுத்திக் கேட்டேன்.

"ஊட்ல தெரிஞ்சா அவ்ளோதான்க்கா. ஆட்டம் காலி."

இன்னொருத்தி தன் அம்மா குரலில் பேசிக்காட்டினாள். "'கால ஒடச்சிகினு வந்து நின்னா எவன்டி உன்ன கட்டிப்பான்?' பத்து வயசுலேந்து இதே டயலாக்க்கா."

சார் சொன்ன காணாமல் போவது இதுதான். காயம் பட்டவள் காணாமல் போவதில்லை. காயம் பட்டது வீட்டுக்குத் தெரிந்தவள்தான் காணாமல் போகிறாள். ஆகவே இவர்கள் கற்ற முதல் பாடம், காலைக் காப்பாற்றுவது இல்லை, காயத்தை மறைப்பது. சின்ன வீக்கத்தை மறைத்து ஆடி அதைப் பெரிய வீக்கமாக்குவார்கள். அதையும் மறைத்து ஆடுவார்கள்.

நான் ஓர் ஒப்பந்தம் போட்டேன். வலி எதுவானாலும் என்னிடம் சொல்ல வேண்டும். நான் யார் வீட்டுக்கும் போய்ச் சொல்ல மாட்டேன். அவர்கள் என்னை நம்பச் சில வாரங்கள் பிடித்தன. பிறகு ஒவ்வொருத்தியாக வந்து, தோழிக்கு வலிப்பதாகத் தன் வலியைச் சொன்னார்கள். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

நகத்தை நேராக வெட்டக் கற்றுக்கொடுத்தேன். ஆட்டத்துக்கு முன்னால் சும்மா நின்று குனிந்து நிமிர்வதை விட்டு, மெல்ல ஓடி, பக்கவாட்டில் ஓடி, ஒற்றைக் காலில் நின்று கண்ணை மூடிப் பழகவைத்தேன். கண்ணை மூடியதும் எல்லோரும் சாய்ந்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். அந்த விளையாட்டு அவர்களுக்குப் பந்தைவிடப் பிடித்துப்போனது. கணுக்கால் திருகினால் எண்ணெய் போட்டு அழுத்தி நீவக் கூடாது என்றேன். ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, துண்டில் சுற்றி வைத்து, காலைத் தூக்கி வைக்க வேண்டும். ஊன்றவே முடியவில்லை என்றாலோ எலும்பைத் தொட்டாலே வலித்தாலோ எக்ஸ்ரே. பூட் வாங்கப் போகும்போது சாயங்காலம் போகச் சொன்னேன், ஓடி முடித்து கால் லேசாக உப்பியிருக்கும் நேரத்தில், ஆடும்போது போடும் சாக்ஸையே போட்டுக்கொண்டு. விரல் நுனிக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருந்தால் போதும். திருவேற்காட்டிலிருந்து வரும் ஒரு பெண்ணின் அப்பா ஷேர் வேன் ஓட்டுகிறவர். நான் சொன்னதைக் கேட்டுக் கடைக்காரரிடம் போய், "இந்த வருசத்து காலுக்கு குடுங்க" என்று கேட்டாராம். அதை அந்தப் பெண் சொல்லக் கேட்டபோது எனக்குப் பட்டம் வாங்கிய நாளைவிட சந்தோஷமாக இருந்தது.

அணியில் ஒரு இடதுகால்காரி இருந்தாள். பதிமூன்று வயது. இடது ஓரமாகப் பந்தை இழுத்துக்கொண்டு ஓடினால் எதிரணிப் பிள்ளைகளுக்கு அவள் முதுகைத்தான் பார்க்க முடியும். அப்பா இல்லை. அம்மா வீட்டு வாசலில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். இந்தப் பெண் பள்ளி அணிக்கும் ஆடினாள், சர்ச் அணிக்கும் ஆடினாள், மீதி நேரத்தில் தெருவில் பையன்களோடும் ஆடினாள். வாரத்தில் ஒரு நாளாவது காலுக்கு ஓய்வு கொடு என்றால், "ஞாயித்துக்கெழம காலைல தூங்குறேனேக்கா" என்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் என் எதிரில் நின்று இதைச் சொல்வாள்.

அந்த வருஷம் அரசு விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் செலக்‌ஷன் வரவிருந்தது. தேர்வானால் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி, அதோடு பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பு. சாருக்கு அவள்மேல்தான் கண். "இவ ஒருத்தி போனா போதும்மா, நம்ம கிரவுண்டு பேரு நிக்கும்."

செலக்‌ஷனுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு பயிற்சி ஆட்டத்தில் அவளுக்கு முன்னால் கோல் திறந்து கிடந்தது. பந்து அவள் இடது காலுக்கு வாகாக உருண்டு வந்தது. அவள் ஒரு அடி சுற்றிப்போய் வலது காலால் அடித்தாள். பந்து வெளியே போனது. மற்றவர்கள் "ச்சே" என்றார்கள். நான் எழுந்து நின்றுவிட்டேன். இடதுகால்காரி காரணமில்லாமல் அப்படிச் செய்ய மாட்டாள்.

இடைவேளையில் கூப்பிட்டு பூட்டைக் கழற்றச் சொன்னேன். நாடாவை அவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தாள், முடிச்சை அவிழ்க்க என்னால் முடியவில்லை, பல்லால் இழுத்து அவளே அவிழ்த்தாள். பாதத்தில் நாடாவின் தடம் பதிந்திருந்தது. சுண்டுவிரலுக்குப் பின்னால், பாதத்தின் வெளி ஓரமாக ஒரு நீள எலும்பு போகிறது. அதன் மேல் என் கட்டைவிரலை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே போனேன். ஓர் இடம் வந்ததும் அவள் கால் துள்ளியது.

"வலிக்குதா?"

"கூசுதுக்கா."

மறுபடி அதே இடத்தைத் தொட்டேன். வானத்தைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"இன்னும் கூசுதா?"

"ரொம்ப கூசுதுக்கா" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

வலி ஒரு மாதமாகவே இருந்திருக்கிறது. முதலில் ஆடி முடித்த பிறகு, பிறகு ஆடும்போது, இப்போது நடந்தாலே. மேலே லேசாக வீக்கம். விரிசலாக இருக்கலாம் என்று என் கைக்குத் தோன்றியது. எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அதற்கு அவள் அம்மா வர வேண்டும்.

"நீதான சொன்ன, ஊட்டுக்கு சொல்ல மாட்டேன்னு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொன்னா எங்கம்மா என்ன கிரவுண்டு பக்கமே உடாதுக்கா."

அவள் சொன்னது நியாயம். கொடுத்த வாக்கை மீறினால் இவளோடு போகாது, நாளை ஒருத்தியும் சாக்ஸைக் கழற்ற மாட்டாள்.

"நான் சொல்லப்போறதில்ல. நீ சொல்லப்போற. நான் பக்கத்துல நிக்கிறேன்."

"நீ நிக்கலாம்க்கா. உன்மேல கரண்டி உழாது."

அன்று சாயங்காலமே போனோம். கடையில் நல்ல கூட்டம். வேறொரு நேரத்தில் வரலாம் என்று நான் சொல்லும் முன்பே அவள் அம்மாவின் அருகில் போய் நின்று, ஒரே மூச்சில், "அம்மா எனக்கு கால்ல ஒரு மாசமா வலிக்குது, எக்ஸ்ரே எடுக்கணுமாம்" என்றாள். கூட்டம் இருக்கும்போது அம்மா அடிக்க மாட்டார் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தாள் என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

அம்மா இட்லித் தட்டை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னா பாப்பா இது? நீ போயி பாத்துகினு கீறன்னு தைரியமா உட்டேன்."

"நான் பாத்ததுனாலதான் தெரிஞ்சுதுக்கா."

"ஒரு மாசம் வலிய வச்சிகினு நேரா நடந்துகீறா பாரு. இன்னா நெஞ்சழுத்தம்!" மகள் பக்கம் திரும்பினார். "போதும்டி. ஆடுனதெல்லாம் போதும். நாளைக்கே போயி மூங்கில் வச்சி கட்டு போட்டுகினு ஊட்ல கெட."

வடைக்காகக் காத்திருந்த ஆட்டோக்காரர் ஒருவர் நடுவில் புகுந்தார். "அக்கா, பொண்ணு நல்லா ஆடுதுக்கா. நா பாத்துகீறேன். உட்டுடாத."

"நீ வடைய துன்னு நைனா. உன் பொண்ணா கால உடச்சிகினு நிக்குது?"

"எக்ஸ்ரே மட்டும் எடுத்துடலாம்க்கா" என்றேன். "கட்டு போடுறதா இருந்தாலும் எங்க போடணும்னு தெரியணும் இல்ல?" இது அவருக்குச் சரியாகப் பட்டது. அடுத்த நாள் கடைக்கு விடுமுறை விட்டு வந்தார்.

எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரிந்தது. என் கட்டைவிரல் நின்ற அதே இடத்தில் மயிரிழை விரிசல். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "யார் கண்டுபிடிச்சது?" என்றார். "நான்தான் சார்" என்றேன். அடக்கமாகச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஆறு வாரம் கால் ஊன்றக் கூடாது, மாவுக்கட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நடை என்றார். கட்டுப் போட மறுநாள் வரச் சொன்னார். செலக்‌ஷன் அதற்குள் வந்துபோய்விடும்.

செய்தி கேட்டு சார் அன்று மாலையே இட்லிக் கடைக்கு வந்துவிட்டார். நானும் அங்கே இருந்தேன். விடுதி என்றால் என்ன, அங்கே என்னென்ன கிடைக்கும், படிப்பு எதுவரை என்று அவர் அப்போதுதான் அந்த அம்மாவுக்கு முழுதாக விளக்கினார். அதுவரை ஆட்டம் வேண்டாம் என்றிருந்தவர் முகம் மாறுவதை நான் பார்த்தேன்.

"பன்னண்டாவது வரிக்கும் அவங்களே படிக்க வைப்பாங்களா?"

"சோறு போட்டு படிக்க வைப்பாங்கம்மா."

கொஞ்ச நேரம் சட்டினியைக் கலக்கிக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப அந்த ஒரு நாள் மட்டும் ஆடிடட்டும். அதுக்கப்புறம் மாவுக்கட்டு போட்டுக்கலாம்" என்றார்.

"அதான் நானும் சொல்றேன்" என்று சார் குதித்தார். "நல்லா டேப் போட்டு, வலிக்கு ஒரு மாத்திர குடுத்துடலாம். அர மணி நேரம் ஆட்டம்தான். இன்னாமா, டேப் போட்டு உடுவியா?"

டேப் போடத் தெரியும். நன்றாகவே தெரியும். அப்படிப் போட்டால் அவள் அன்று ஓடவும் செய்வாள் என்பதும் தெரியும். "மாட்டேன் சார்" என்றேன்.

"அடுத்த வருசம் எவ கண்டா?"

"இப்ப இருக்கறது மயிரிழை. அதுமேல ஓடித் திரும்பினா முழுசா உடையும். அந்த எலும்பு லேசுல கூடாது சார். ஸ்குரூ வைக்கிற அளவுக்குப் போகும். மாத்திர வலியத்தான் மறைக்கும், எலும்ப ஒட்டாது."

அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றார். கோபம் இல்லை. "பாப்பா, நீ படிச்ச பொண்ணு. உங்க ஊட்ல எப்டியோ உன்ன படிக்க வச்சிட்டாங்க. எம் பொண்ணு படிக்கிறதுக்கு எனக்கு இது ஒன்னுதான் வழி. அத ஏன் நீ மறிக்கிற?"

படிப்பில் நான் சந்தித்த எந்தக் கேள்வியும் இவ்வளவு கடினமாக இருந்ததில்லை. எங்கள் வீட்டில் ஒருத்தியாவது படிக்க என்னென்ன வழிகள் அடைபட்டன, எது திறந்தது என்று எனக்குத் தெரியும். இந்தப் பெண்ணுக்குத் திறந்த வழி அவள் இடது கால். நான் அதைத்தான் மூடச் சொல்கிறேன் என்று அவருக்குத் தோன்றியது.

"அக்கா, உள்ள போறது ஒரு நாள் வேல. அங்க போய் தினம் ரெண்டு வேள ஓடணும். உடைஞ்ச காலோட போனா ஒரே மாசத்துல திருப்பி அனுப்பிடுவாங்க. அப்ப படிப்பும் இல்ல, ஆட்டமும் இல்ல. அடுத்த வருஷமும் இவ வயசு வரம்புக்குள்ள வருவா, நான் விசாரிச்சுட்டேன். காலச் சரி பண்ணித் தர்றது என் பொறுப்பு."

சார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதுவரை மூலையில் சாக்குமேல் உட்கார்ந்திருந்த பெண், "சார், நா வரலை" என்றாள்.

எல்லோரும் திரும்பினோம்.

"இன்னாடி?" என்றார் அம்மா.

"வலிக்குதும்மா. நெசமாவே வலிக்குது. ஆட முடியாது."

அவள் வாயிலிருந்து 'ஆட முடியாது' என்ற சொல்லை நான் கேட்டது அன்றுதான். அவள் அடித்த எந்தக் கோலுக்கும் எனக்கு அவ்வளவு கர்வம் வந்ததில்லை.

செலக்‌ஷன் நாள் வந்தது, போனது. எங்கள் மைதானத்திலிருந்து போன இருவரும் தேர்வாகவில்லை. சார் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். நான் மைதானத்துக்குப் போனால், "வந்துட்டாங்க ரெஃபரி அம்மா" என்று மற்ற யாரிடமோ சொல்வார். முட்டி வலி மறுபடி வந்தபோதுதான் பேச்சு வந்தது.

மாவுக்கட்டோடு அவள் ஞாயிறுதோறும் மைதானத்துக்கு வந்து கோட்டோரம் உட்கார்ந்தாள். அவள் அம்மா கொண்டுவந்து விட்டுப் போவார். அப்படி வந்துபோனதில் அவர் அங்கே ஒரு வேலையைச் செய்துவிட்டார், நான் ஒரு வருஷமாகச் செய்ய முடியாததை. மற்ற அம்மாக்களைப் பார்க்கும் இடத்தில் எல்லாம் நிறுத்திப் பேசினார்.

"உம் பொண்ணு கால பாத்தியா நீ? போயி பாரு. எதுவும் சொல்ல மாட்டாளுங்க. சொன்னா ஆட்டத்த நிறுத்திடுவோம்னு பயம். நானும் அப்டித்தான் கத்திகினு கெடந்தேன். நிறுத்த மாட்டேன்னு சொல்லிப் பாரு, எல்லாத்தையும் கொட்டுவாளுங்க."

ஒரு அம்மா, "கால் போச்சுன்னா எவன் கட்டிப்பான்?" என்று பழைய பாட்டை எடுத்தார்.

"கால பாத்து கட்றவன் நமக்கு எதுக்குடி?" என்றார் இவர். அங்கே நின்ற பிள்ளைகள் விசில் அடித்தார்கள்.

அதற்குப் பிறகு குழாயடியில் யாரும் நேராக நடந்து பழகவில்லை. நொண்டுகிறவள் வீடு வரைக்கும் நொண்டிக்கொண்டே போனாள். தெருவில் பார்க்கிறவர்களுக்கு எங்கள் அணி மோசமாகிவிட்டதாகத் தோன்றியிருக்கும். என் கணக்கில் அணி தேறிக்கொண்டிருந்தது.

கட்டுப் பிரித்தபோது அவள் கால் மெலிந்து, தோல் வெளிறி இருந்தது. "இது என் கால் இல்லக்கா" என்றாள். தரையில் துண்டை விரித்து விரல்களால் சுருட்டி இழுக்க வைத்தேன். கோலிக் குண்டுகளை விரலால் எடுத்துக் கிண்ணத்தில் போடச் செய்தேன். குதிகாலை உயர்த்தி இறக்குவது, படியில் நின்று ஆடுசதையை இழுப்பது, பிறகு நடை, பிறகு மெல்லோட்டம். டாக்டர் இரண்டாவது படத்தைப் பார்த்து எலும்பு கூடிவிட்டது என்ற பிறகும் நான் உடனே விடவில்லை. ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னேன். இடது காலில் குதித்தபோது இட்லிக் கடை அம்மா கிளினிக் சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்துப்பிடித்து நின்றார். வலிக்கவில்லை. புதிய பூட் அவள் காலின் சைஸில் வாங்கப்பட்டிருந்தது, துணி அடைக்காமல். திரும்பி வந்த முதல் ஆட்டத்தில் பாதி நேரம்தான் என்று சொல்லியிருந்தேன். பாதி முடிந்ததும் வெளியே வந்துவிட்டாள். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்பதற்கு அம்மாவே காவல். அன்றைக்குப் பந்தை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிடுவார்.

அடுத்த வருஷம் செலக்‌ஷனுக்கு நாங்கள் நான்கு பேரும் போனோம், அவள், அவள் அம்மா, சார், நான். பெரிய மைதானம். பல ஊர்களிலிருந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். காலையில் ஓட்டம், பிறகு பந்தோடு சில சோதனைகள், மதியத்துக்குப் பிறகு ஆட்டம். அவள் இடது ஓரத்தில் ஓடிய ஓட்டத்தை நான் எழுதினால் பெருமையடிப்பதாகத் தோன்றும். ஒன்று மட்டும் சொல்கிறேன். அவள் கோல் அடித்தபோது சார் தன் முட்டியை மறந்து குதித்தார், அதற்காக மறுவாரம் என்னிடம் வந்து கட்டிலில் படுத்தார்.

ஆட்டம் முடிந்ததும் தேர்வு செய்கிறவர் பிள்ளைகளை ஒருவர் பின் ஒருவராக நிறுத்திக் கேட்டுக்கொண்டே வந்தார். பெயர், வயது, எந்த இடத்தில் ஆடுவாய், கடைசியாக, "ஏதாவது அடிபட்டிருக்கா?" முன்னால் நின்றவர்கள் எல்லோரும் இல்லை என்றார்கள். அவர்களில் ஒருத்தி ஆட்டத்தின் கடைசியில் நொண்டியதை நான் பார்த்திருந்தேன். எங்கள் பெண்ணின் முறை நெருங்க நெருங்க, மைதானத்தின் ஓரம் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற சார் முணுமுணுத்தார். "இல்லன்னு சொல்லிட்டு வாடி. இல்லன்னு சொல்லு." இந்தத் தடவை அவரைத் தடுக்க எனக்கும் வாய் வரவில்லை. உள்ளே போகும் வழி அவ்வளவு கிட்டத்தில் இருந்தது.

"அடிபட்டிருக்கா?"

"பட்டுதுங்க சார். இடது கால், வெளிப்பக்கத்து எலும்பு. போன வருசம் விரிசல். ஆறு வாரம் கட்டு. இப்ப வலி இல்ல."

தேர்வாளர் நிமிர்ந்து பார்த்தார். "யார் பாத்தா?"

அவள் கயிற்றுக்கு வெளியே கையை நீட்டினாள். "எங்க அக்கா. பிசியோதெரபிஸ்ட்."

அவர் என்னைக் கூப்பிட்டார். அந்தக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போன சில அடிகளில் என் அப்பாவும் அம்மாவும் என்னோடு நடந்ததுபோல இருந்தது. என்ன செய்தோம், எப்போது ஓட விட்டோம் என்று கேட்டார். சொன்னேன். குனிந்து அவர் விரலாலேயே அந்த எலும்பை அழுத்திப் பார்த்தார், ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னார், ஓடித் திரும்பச் சொன்னார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், "இந்தப் பொண்ண எடுத்துக்கங்க. சொல்லத் தெரிஞ்ச பொண்ணு. இந்த மாதிரி பொண்ணுங்கள வச்சு வேல பாக்குறது சுலபம்" என்றார். அப்படியே வரிசையில் திரும்பிப் போய், நொண்டிய அந்தப் பெண்ணிடம் மறுபடி கேட்டார், அவரும் கவனித்திருக்க வேண்டும். அவள் இந்தத் தடவை தயங்கித் தயங்கி சாக்ஸைக் கழற்றினாள்.

கயிற்றுக்கு வெளியே வந்து நாங்கள் செய்தியைச் சொன்னபோது சார் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மாவுக்கு அழுகை வரவில்லை. மகளின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"கால் உடைஞ்சத அவ்ளோ வெவரமா சொன்னியே, கோல் போட்டத சொன்னியாடி?"

"அத அவரே பாத்தாரும்மா."